"வயசு போனா அப்படித்தான்" என்று சொல்வதை நிறுத்துவோம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயசுபோன உம்மா, வாப்பா உள்ளவர்கள் கடைசி வரைக்கும் வாசிங்க.

எங்கள் உம்மம்மாவுக்கு இரண்டு வருஷமாக இடது கண்ணில் தண்ணீர் வடிந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து கன்னமே புண்ணாகிப் போனது. கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "வயசு போனா அப்படித்தான்." கண்ணுக்குள் முடி குத்துது என்று அவர் சொன்னபோது, பேத்தியை உட்கார வைத்து சாவணத்தால் முடியைப் பிடுங்கினோம். கொஞ்ச நாள் சுகம். சில கிழமைகளில் முடி திரும்ப முளைத்து, குட்டையாக நின்று இன்னும் மோசமாகக் குத்தியது. கடைசியில் கருவிழியில் புண் வந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அவர் அழுதபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"கண்ணை இறுக்கி மூடித் திறங்க" என்றார் வைத்தியர். திறந்ததும் கீழ் இமை உள்ளே சுருண்டுகொண்டது. வயசு ஏறும்போது இமையைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார்கள் தளர்கின்றன. இமை ஓரம் உள்ளே மடிகிறது. பிறகு கண் சிமிட்டும் ஒவ்வொரு தடவையும் முடி கருவிழியை உரசுகிறது. பிழை முடியில் இல்லை, இமையில். அதனால்தான் பிடுங்கியும் தீரவில்லை. தாய்ப்பாலும் சுர்மாவும் போட்டாலும் தீராது.

புண்ணுக்கு மருந்து போட்டு, பிறகு சத்திரசிகிச்சை செய்தார்கள். தளர்ந்த இமையை வெளி ஓரத்தில் இறுக்கி, விலகிய தசைநாரைத் திரும்பச் சேர்த்துத் தைத்தார்கள். விறைப்பு ஊசி மட்டும்தான். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். அரச வைத்தியசாலை, ஒரு சதம் கட்டவில்லை.

இமை நிமிர்ந்துவிட்டது. கருவிழித் தழும்பு போகவில்லை. இப்போது ஓதும்போது குர்ஆனை வலது கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகிறார். அந்தத் தழும்பு வயசு போட்டதல்ல. நாங்கள் போட்டது.

"இந்த வயசில ஒபரேஷன் எதுக்கு?" என்று கேட்கிறோம். முழு மயக்கம் இல்லாமல் செய்வது இது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை குடிப்பவர் என்றால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும், அவர் பார்த்துக்கொள்வார். "அல்லாஹ் தந்த நோய்" என்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இப்படியா சொல்கிறோம்? மருந்து செய்யச் சொன்ன மார்க்கம்தானே நம்முடையது. "வுழூ எப்படிச் செய்வது?" என்கிறோம். ஒரு ஆலிமிடம் கேளுங்கள், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைச் சொல்வார்.

உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை. கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஆளில்லை, அதுதான் காரணம். கலியாணத்துக்கு லீவு போடுகிறோம், மெட்ச் பார்க்க லீவு போடுகிறோம். நம்மைத் தூக்கி வளர்த்தவரோடு ஓ.பி.டி. வரிசையில் அரை நாள் நிற்க நமக்கு நேரமில்லை. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் வயசின் மேல் பழி போடுகிறோம்.

இன்று அஸர் தொழுததும் ஒரு வேலை செய்வோம். வீட்டுப் பெரியவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொல்வோம். கீழ் இமை முடி வெளியே பார்க்க வேண்டும். முடி வரிசை தெரியாமல் உள்ளே போனால் தாமதிக்காமல் கண் கிளினிக். கண் சிவந்து வலித்தால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நாளை என்று வைக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

தண்ணீர் வடிகிற எல்லாக் கண்ணுக்கும் இதுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. காரணத்தை வைத்தியர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம் என்கிறோம்.

நம் உம்மா, வாப்பாமாரின் பார்வையை அல்லாஹ் பாதுகாப்பானாக. துஆவோடு நிறுத்தாமல் ஓட்டோவுக்கும் சொல்லுங்கள்.