கரியர் இல்லாத சைக்கிளும் எமது சுமையும்

எமது கிராமங்களில் சைக்கிள் என்றால் அதன் பின்னால் கரியர் ஒன்று இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும் விடயம். விறகு, மீன் பெட்டி, மரக்கறி மூட்டை, நோயாளி, பிள்ளை எல்லாம் அதில்தான் போயின. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்து எரிபொருள் அருமையாகியபோது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பாரத்தைச் சுமந்தது சைக்கிளே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்த இரவிலும் எத்தனையோ பேருடைய வீடு முழுவதும் ஒரு சைக்கிளுக்குள் அடங்கியது.

அந்தப் பழைய சைக்கிள் சுமப்பதற்கென்றே செய்யப்பட்டது. 28 அங்குலச் சில்லு, ஒன்றரை அங்குல ரயர், பின்சில்லில் 40 கம்பிகள், கனத்த இரும்புக் குழாய்கள். அதன் பலத்தைப் பழகிய நாம், இரண்டு சில்லு உள்ள எதுவும் அப்படியே சுமக்கும் என எண்ணிவிட்டோம்.

2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது நாம் மீண்டும் சைக்கிளைத் தேடினோம். விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே கிடைத்ததை வாங்கினோம். பிறர் தந்ததையும் நன்றியோடு ஏற்றோம். அவற்றுள் வளைந்த கைபிடியுள்ள றேசிங் சைக்கிள்களும் இருந்தன. அவை வேகமாக ஓடுவதற்காக ஆக்கப்பட்டவை. ரயரின் அகலம் பெரும்பாலும் 23 அல்லது 25 மில்லிமீற்றர்தான். பின்சில்லில் கம்பிகளும் குறைவாகவே இருக்கும். பலவற்றில் கரியர் பூட்டுவதற்குத் துளையே கிடையாது. பின்பகுதி குறுகியதாகையால், பக்கத்தில் பை தொங்கவிட்டால் மிதிக்கும் குதிக்கால் அதில் இடிக்கும்.

அத்தகைய சைக்கிளில் மரக்கறி கொண்டு சென்ற ஒருவரை நாம் அறிவோம். கைபிடியின் இருபுறமும் இரண்டு உரப்பைகளைக் கொழுவியிருந்தார். பள்ளமொன்றில் ஒரு பை ஆடி முன்சில்லுக் கம்பிக்குள் சிக்கியது. சில்லு இறுகியது, அவர் தலைகுப்புற விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் அந்த வீட்டில் உழைப்பு இல்லை. "இந்தச் சைக்கிளை வாங்கச் சொன்னது யார்?" என்று அயலவர் கேட்டனர். எமது எண்ணத்தில் அது பிழையான கேள்வி. வேறு வழியில்லாதவன் கிடைத்ததைத்தான் வாங்குவான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

முதலாவதாக, துளையில்லாத சட்டத்தில் கரியரை வெல்டிங் செய்ய வேண்டாம். மெல்லிய குழாய் சூட்டினால் பலமிழந்து பின்னொரு நாள் முறியும். பதிலாக, உள்ளே றப்பர் வைத்த இறுக்கிகளால் பின்குழாய்களில் கரியரைப் பூட்டலாம்; பின்சில்லின் அச்சில் பூட்டும் கரியர்களும் உண்டு. காபனால் ஆன சட்டத்தில் மட்டும் எந்த இறுக்கியையும் பூட்டலாகாது, நசிந்துவிடும்.

இரண்டாவதாக, அளவறிந்து ஏற்றுவோம். சீற் தண்டில் மட்டும் பூட்டிய கரியருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏற்றுவது புத்தியல்ல. பாரம் எவ்வளவு தாழ்வாகவும் சில்லின் அச்சுக்குக் கிட்டவாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சைக்கிள் ஆடாது. கைபிடியில் பை கொழுவும் பழக்கத்தை அடியோடு விடுவோம். கயிற்றின் நுனி தொங்காமல் முடிந்துகொள்வோம். பாரம் கூடினால் பிறேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். மழை நாளில் இன்னும் கூடும்.

மூன்றாவதாக, ஒரு மூட்டை நெல்லோ மரக்கறியோ கொண்டுபோக வேண்டுமாயின் அதைச் சைக்கிளின் மேல் ஏற்றாமல் பின்னால் இழுப்போம். பழைய சைக்கிள் சில்லுகள் இரண்டும் சிறிது இரும்பும் இருந்தால் எமது ஊர் வெல்டிங் கடைக்காரரே ஒரு சிறு இழுவை வண்டி செய்து தருவார். அதைச் சீற் தண்டில் கட்டாமல், பின்சில்லின் அச்சோடு இணைக்க வேண்டும். அப்போது பாரத்தின் பெரும்பகுதியை வண்டியின் சில்லுகளே தாங்கும். ஆயினும் நிறுத்தவேண்டியது சைக்கிளின் பிறேக்கே ஆதலால் மெதுவாகவே ஓட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டி தேவையில்லை. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ ஒன்றைச் செய்து, முறைவைத்துப் பாவிக்கலாம்.

இறுதியாக, உதவி செய்வோருக்கும் ஒரு வார்த்தை. மாணவருக்கும் விதவைகளுக்கும் சைக்கிள் வழங்கும் நல்ல முயற்சிகள் பல நடக்கின்றன. வழங்குமுன், "இதில் எதை ஏற்றப் போகிறீர்கள்?" என்று பெறுபவரைக் கேட்கிறோமா? புத்தகப் பையுடன் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஏற்றது, சந்தைக்குப் போகும் தாய்க்கு ஏற்றதாகாது. கரியரும் தாங்கு காலும் இல்லாத சைக்கிள் எமது கிராமத்துக்கு அரைச் சைக்கிளே. மற்ற அரைவாசியையும் சேர்த்துக் கொடுப்பதே முழு உதவி.

சைக்கிள் எம்மைப் பல கஷ்டங்களில் சுமந்தது. அது எவ்வளவு சுமக்கும் என்று அறிந்து ஏற்றுவது, அதை ஓட்டிச் செல்லும் மனிதரின் உயிரை மதிப்பதாகும்.