காலித் தட்டும் புளியோதரையும்

நம்மவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும். சாப்பாடுதான் சப்பென்று இருந்தது என்பார்கள். லண்டனோ, பெர்லினோ, வார்ஸாவோ, ஊர் மாறும், வாக்கியம் மாறாது. அடுத்த பத்தியில் எங்கேயோ ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கண்டுபிடித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, போன உயிர் திரும்பி வந்த கதை இருக்கும். சாதாரண நாளில் இதை எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாக்கு அவரவர் சொத்து. ஆனால் பண்டிகை நாளில், பிறர் வீட்டில், அழைத்து உட்காரவைத்த மேஜையிலிருந்து எழுந்து வந்து இப்படிச் சொல்கிறார்களே, அதை அநாகரிகம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வேலை நிமித்தமாகப் போலந்துக்குப் போயிருந்தார். க்ராகோவ் நகரில் கூட வேலை செய்கிறவர் டிசம்பர் 24 மாலை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறார். நம் மனிதர் எதற்கும் இருக்கட்டும் என்று பையில் புளியோதரைப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டு போனார். அவர் எதிர்பார்த்தது வான்கோழி, திராட்சை கேக், ஒயின். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கதைகளில் கிறிஸ்துமஸ் என்றால் அப்படித்தானே இருந்தது! அங்கே வந்ததோ பீட்ரூட் தண்ணீர், கோஸ், காளான், மீன். இறைச்சி என்று ஒரு துண்டு கிடையாது. வீடு பெரியது, மனசு சின்னது என்று ஊருக்குத் திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஊரில், அதே இரவில், வேறொரு வீட்டில் நானும் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு அவர்களுக்கு விரதம் ஐயா! மாலைச் சாப்பாட்டுக்கு விகிலியா என்று பெயர். இறைச்சியை ஒதுக்குவதுதான் அதன் இலட்சணம். திருச்சபை இன்று அதைக் கட்டாயம் என்று வைத்திருக்கவில்லை. ஜனங்கள் தாங்களாகவே விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த நாளுக்குச் சர்க்கார் விடுமுறை கிடைத்ததே 2025-ம் வருஷத்திலிருந்துதான். அதுவரைக்கும் வேலைக்குப் போய்விட்டு ஓடி வந்து சமைத்தார்கள். ஏகாதசியன்று நம் வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், இவர்கள் வீட்டில் அரிசிச் சோற்றுக்குக் கூடப் பஞ்சம் என்று தம் ஊர்ப் பத்திரிகையில் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

டிசம்பரில் க்ராகோவில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. குழந்தைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முதல் நட்சத்திரத்தைத் தேடுகிறார்கள். அது தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மேஜை விரிப்பின் அடியில் ஒரு பிடி வைக்கோல். மாட்டுத் தொட்டியில் பிறந்த பிள்ளையின் ஞாபகத்துக்கு. முதலில் வருவது அப்பளத்தைவிட மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று. ஒப்வாட்டெக் என்கிறார்கள். ருசி என்று ஒன்றும் அதற்குக் கிடையாது; மாவும் தண்ணீரும்தான். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்கும். நான் உங்கள் தகட்டிலிருந்து ஒரு விள்ளல் ஒடிக்க, நீங்கள் என்னுடையதிலிருந்து ஒடிக்க, நேருக்கு நேர் பார்த்து வாழ்த்துச் சொல்லவேண்டும். வருஷம் முழுவதும் முகம் கொடுத்துப் பேசாத மாமியாரும் மருமகளும் அந்த ஒரு நிமிஷம் பேசித்தான் ஆகவேண்டும். இதிலே காரம் போதவில்லை என்று சொல்கிறவரை என்ன செய்வது?

பிறகு பதார்த்தங்கள் வருகின்றன. பன்னிரண்டு என்பது கணக்கு. அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர் என்பதற்காக என்கிறார்கள் சிலர். மாதம் பன்னிரண்டு என்கிறார்கள் சிலர். ஒவ்வொன்றிலும் ஒரு வாயாவது சாப்பிடவேண்டும் என்பது சம்பிரதாயம். பீட்ரூட் தண்ணீர் என்று நண்பர் ஏளனம் செய்தாரே, அது சும்மா வேகவைத்த தண்ணீர் அல்ல. பீட்ரூட்டைத் துண்டு போட்டுப் பூண்டும் உப்புமாகத் தண்ணீரில் நாலைந்து நாள் புளிக்கவைத்து, அந்தப் புளிப்பில் செய்கிற தெளிந்த ரசம். மாணிக்க நிறம். அதில் உலர்ந்த காட்டுக் காளானைப் பூரணமாக வைத்து மடித்த சின்னச் சின்ன மாவு உருண்டைகள் மிதக்கின்றன. சின்னக் காதுகள் என்று அர்த்தப்படும் பெயர் அவற்றுக்கு. புளித்த தண்ணீரா என்று முகத்தைச் சுளிக்கும் இவர், வீட்டில் தோசை மாவு புளிக்கவில்லை என்றால் ரகளை செய்கிறவர். அதன் பின் பியெரோகி. சோமாசியின் வடிவம், கொழுக்கட்டையின் பக்குவம். உள்ளே புளித்த கோஸும் காளானும். கசகசாவை அரைத்துத் தேனும் கொட்டைப் பருப்புகளும் சேர்த்துச் சுருட்டிய ரொட்டி ஒன்று. கசகசாவை இவ்வளவு தாராளமாக அள்ளிப் போடுகிற இன்னொரு ஊரை நான் பார்த்ததில்லை. குடிக்க, புகையில் உலர்த்திய பிளம்ஸ் பழங்களை வேகவைத்த தண்ணீர். புகை வாசனை அடிக்கும். முதல் மிடறு விசித்திரமாக இருந்தது. மூன்றாவது மிடறுக்குப் பிறகு நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

எல்லாம் பிடித்தது என்று நான் சொல்லவில்லை. கார்ப் என்ற குளத்து மீனைப் பொரித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே குளிர்ந்த ஜெல்லியில் உறையவைத்துத் தட்டில் வைத்தபோது எனக்கு உள்ளே இறங்க மறுத்தது. ஒரு துண்டு சாப்பிட்டேன். ஆனால் அந்த மீனின் கதை தெரிந்த பிறகு அதைத் தள்ள மனம் வருமா? துறவிகளின் மடங்களில் குளம் வெட்டி வளர்த்த பழைய மீன் அது. ஆனால் எல்லா வீட்டு மேஜைக்கும் அது வந்து சேர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான். யுத்தத்தில் கடலுக்குப் போகும் மீன்பிடிக் கப்பல்கள் நாசமாகியிருந்தன. மலிவாக எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று கம்யூனிஸ்டு சர்க்கார் குளத்து மீனைப் பரப்பியது. கடவுளை நம்பாத ஆட்சி கிறிஸ்துமஸ் மீனைக் கொடுத்தது! ஜனங்கள் அதை உயிரோடு வாங்கி வந்து குளிக்கும் தொட்டியில் நீந்தவிட்டார்கள். குழந்தைகள் அதற்குப் பெயர் வைத்து, பிறகு வெட்டும்போது அழுதார்கள்.

இதே மீனை உலர்ந்த திராட்சையும் பாதாமும் போட்டு இனிப்பாகவும் செய்கிறார்கள். அதன் பெயரே யூதர் முறைக் கார்ப். 1939-ல் போலந்தில் முப்பது லட்சத்துக்கு மேல் யூதர்கள் இருந்தார்கள். ஹிட்லரின் ஆட்கள் அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டார்கள். க்ராகோவிலிருந்து ஆஷ்விட்ஸ் வெகு தூரமில்லை. அவர்களுடைய வெள்ளிக்கிழமை இரவு மேஜையில் இருந்த பண்டம் இன்று கிறிஸ்தவர்களின் மேஜையில் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் இருக்கிறது. இன்னொன்று கூத்யா: வேகவைத்த கோதுமை, கசகசா, தேன். கிழக்கு மாகாணங்களின் பண்டம். 1945-ல் எல்லைக் கோட்டை நகர்த்தி வைத்தபோது, லுவோவ் போன்ற ஊர்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மேற்கே வ்ரோட்ஸ்வாஃப் பக்கம் போய்க் குடியேற நேர்ந்தது. ஊரைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. கோதுமைப் பாயசத்தைக் கொண்டு போனார்கள். இதையெல்லாம் ஸ்பூனால் ஒதுக்கிவிட்டு, அந்த நாட்டைப் பார்த்து வந்தேன் என்று சொல்ல ஒருவருக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

எனக்குக் கோபம் முற்றியது வேறு விஷயத்தில். அந்த மேஜையில் எப்போதும் ஒரு தட்டு அதிகம் வைக்கிறார்கள். யாருக்கு என்றால், எதிர்பாராமல் கதவைத் தட்டுகிற யாருக்காவது. இறந்துபோனவர்களையும் வரமுடியாமல் போனவர்களையும் அந்த இடத்தில் நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. 1981 டிசம்பர் 13-ல் அந்த நாட்டில் ராணுவச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களைக் காவலில் வைத்தார்கள். பதினோரு நாள் கழித்து விகிலியா. இறைச்சி ரேஷன் கார்டுக்குத்தான். அந்த வருஷம் எத்தனையோ வீடுகளில் காலித் தட்டு யாரோ ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனுக்காக மட்டும் இருந்திருக்காது. நம் நண்பரை உட்காரவைத்தது ஏறக்குறைய அந்தத் தட்டுக்கு முன்னால்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்.

“நான் சுத்த சைவம், மீனைத் தின்னச் சொல்கிறீரா?” என்று அவர் என்னைக் கேட்டார். சொல்லவில்லை. பன்னிரண்டில் மீன் மூன்றோ நாலோ. அதைச் சொல்லி விலக்கியிருந்தால், தாங்களே விரதம் இருக்கும் அந்த இரவில் அவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்? மிச்சமுள்ளது காளானும் கோஸும் கசகசாவும் தேனும். ஐரோப்பா முழுவதும் தேடினாலும் சைவக்காரருக்கு இதைவிடச் சௌகரியமான பண்டிகைச் சாப்பாடு அகப்படுவது கஷ்டம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாய்ச்சொல் போதும். அவருக்கு வாய் வேறு காரியத்தில் இருந்தது.

மறுபடியும் அவர் அந்தப் பக்கம் போகப்போவதாகக் கேள்வி. புளியோதரையைத் தாராளமாகக் கொண்டு போகட்டும். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் அங்கே கடைகளை அடைத்துவிடுகிறார்கள். பொட்டலத்தை அப்போது பிரித்துக்கொள்ளலாம்.