டிஸ்க் பிரேக் போட்டால் போதுமா?

கொழுந்து மூடைகளோடு ஆட்களும் ஏறி மலைப்பாதையில் இறங்கும் டிரெக்டர் பெட்டிக்கு டிஸ்க் பிரேக் கேட்பது நியாயமான கோரிக்கை. (ஆட்களைப் பெட்டியில் ஏற்றுவதே பிழை, அந்த வழக்கை நாம் கைவிடவில்லை.) ஆனால் பிரேக்கை மாற்றிவிட்டுப் பழைய குழாயையே விட்டுவைத்தால் அது அரைவேலை.

டிரம் பிரேக்குக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 1,000 இறாத்தல் அழுத்தம் போதும். டிஸ்க்குக்கு 1,600 அளவில் வேண்டும். தளர்ந்த இறப்பர் ஹோஸ் அந்த அழுத்தத்தில் உப்பும். பிரேக்கின் பலம் சக்கரத்துக்குப் போகாமல் ஹோஸிலேயே போய்விடும். ஆகவே சேசியின் நீளத்துக்கு உருக்குக் குழாய் அல்லது நிக்கல் கலந்த செம்புக் குழாய் ஓட வேண்டும். உருக்கு பலமானது, ஆனால் நமது மழைக்கும் சேற்றுக்கும் துருப்பிடிக்கும். நிக்கல் செம்பு விலை கூடினாலும் அதையே கேளுங்கள். வெறும் செம்புக் குழாய் வளைக்க இலகு. தோட்டப் பாதையின் குலுக்கலில் நாளடைவில் கீறல் விடும். அச்சு ஆடுகிற இடத்தில் மட்டும் பிரேக்குக்கென்றே செய்த ஹோஸ். பெற்றோல் ஹோஸைக் கிளிப் போட்டு இறுக்கும் வித்தை வேண்டாம்.

செலவு என்பார்கள். டிஸ்க்கும் கெலிப்பரும் வாங்கும் காசில் குழாய்க்குப் போவது சிறு பங்குதான்.

பெட்டி கராஜிலிருந்து வரும் அன்றே, தலைவர்மார் சாரதியையும் கூட்டிக்கொண்டு அடியில் குனிந்து பாருங்கள். ஒரு மூட்டில் கசிவு தெரிந்தாலும் அன்று யாரும் ஏற வேண்டாம்.