ரத்தம் எடுத்தவர்கள் மாத்திரை தரட்டும்

தென்காசியில் வாசகர் கூட்டம் முடிந்து எல்லோரும் குற்றாலம் போயிருந்தோம். நல்ல சாரல். கூடலூரிலிருந்து வந்த பணியர் சமூகத்துத் தோழன் மட்டும் மெயின் அருவிக்குள் வராமல் ஓரமாகவே நின்றான். "வாப்பா" என்றேன். "நீங்க குளிங்க தோழர். குளிர்ந்த தண்ணி பட்டா எலும்பு உடையற மாதிரி வலி வந்துரும்" என்றான். வங்கியில் நோட்டு எண்ணுகிற எனக்கு அன்றைக்குத்தான் அரிவாள் செல் நோய் புரிந்தது.

ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. ஆக்சிஜனை இறக்கியதும் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பியாகும். வட்டச் சிவப்பணு அரிவாளாய் வளையும், ரத்தக்குழாயை அடைக்கும். வலி அங்கிருந்துதான்.

இந்தியாவில் இது முதலில் தெரியவந்தது 1952-ல், நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில். ஆய்வு எழுதிய லெமன், கட்புஷ் பெயர்கள் இருக்கின்றன. ரத்தம் கொடுத்தவர் பெயர் யாருக்குத் தெரியும்?

மருந்து இல்லாமலில்லை. 1869-லேயே ஜெர்மனியில் செய்யப்பட்ட ரசாயனம் ஹைட்ராக்சியூரியா. கருவில் இருந்தபோது ஓடிய ஹீமோகுளோபினை அது உடம்பில் மறுபடி கூட்டுகிறது. கம்பி சேர்வது தடைபடுகிறது. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் வலித் தாக்குதல்கள் ஏறக்குறையப் பாதியாகின. 1998-ல் அங்கே அனுமதியும் கிடைத்தது. 2019-ல் ஆரவாரமாக வந்த வோக்ஸிலோட்டரை 2024-ல் ஃபைசர் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய, விலை குறைந்த மாத்திரை நிற்கிறது.

ஒன்றிய அரசு 2023 ஜூலையில் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, கையில் ஒரு அட்டை, 2047-க்குள் ஒழிப்பு. சரி, எதை ஒழிப்பது? மாத்திரை வராமல் அட்டை மட்டும் வந்தால், அது கல்யாணச் சந்தையில் இன்னொரு சாதிச் சான்றிதழாகிவிடும். இந்த மரபணு ரத்தக் கறை அல்ல. மலேரியாவைத் தாக்குப்பிடிக்க உடம்பு கண்ட வழி. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். இது மலைவாசிகளோடு நிற்பதுமில்லை. நாக்பூர் பக்கம் மகர் மக்களிடமும் பரவலாக உண்டு.

தோழர்களே, நாம் கேட்க வேண்டியது இரண்டுதான். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் மாத்திரை. இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையும் அங்கேயே. அதற்காக நகரத்துக்கு அலைந்தால் ஒருநாள் கூலி போச்சு.

தண்ணீரைத் தொடும் உரிமைக்காக 1927-ல் மகாடில் நம் மக்கள் நடந்தார்கள். அந்தத் தண்ணீரைத் தாங்குகிற உடம்பும் உரிமைதான்.