பிளான் பாஸும் கரிசல் மண்ணும்

நம் பக்கத்தில் வீடு கட்டப் போகிறவரிடம், "பிளான் பாஸ் ஆயிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "அதெல்லாம் டவுன்காரனுக்கு. நம்ம ஊருக்கு எதுக்கு?" என்பது ஒன்று. "பாஸ் ஆயாச்சு, இனிமே கவலை இல்ல" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறான பதில்கள் என்பது என் கருத்து. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் கட்டட அனுமதிக் கோப்புகள் என் மேஜை வழியாகவும் போய் வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தை வைத்து நம் வயதுக்காரர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் பணிக்கொடைப் பணத்தில் வீடு கட்டுவதும், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் பணத்துக்கு இங்கே நின்று வேலை பார்ப்பதும் நாம்தான்.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். கிராமத்துக்குச் சட்டம் கிடையாது என்பது என்றைக்கும் உண்மையாக இருந்ததில்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ல் வந்தது. ஊராட்சிகள் சட்டம் 1994ல் வந்தது. அதன் கீழ் 1997ல் ஊராட்சிகளுக்கென்றே கட்டட விதிகள் போட்டார்கள். பிறகு 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. சென்னை மாநகராட்சிக்கும் மணியாச்சி ஊராட்சிக்கும் இப்போது ஒரே விதிப் புத்தகம்தான். விதி இல்லாமல் இருந்ததில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த விதிகள் எதற்காக என்று யோசித்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும். நான் சிறு வயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் அவர்களுடைய 1804ஆம் வருஷத்துச் சிவில் சட்டத்தை மூலத்திலேயே புரட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அங்கேயும் பிரெஞ்சு ஆட்சியில் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதில் 678ஆம் பிரிவு, பக்கத்து மனையை நேராகப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வைத்தால் எல்லையிலிருந்து 1.90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிற ஜன்னல் என்றால் 60 சென்டிமீட்டர் போதும் என்கிறது 679. உன் கூரைத் தண்ணீர் உன் மனையிலோ தெருவிலோதான் விழ வேண்டும், அடுத்தவன் மனையில் விழக்கூடாது என்கிறது 681. இருநூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம். ஜன்னலும் கூரைத் தண்ணீரும்தான் எந்த நாட்டிலும் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு மூல காரணம் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன நடக்கிறது? அண்ணன் தம்பி இரண்டு பேர் அப்பா விட்டுப்போன பத்து சென்ட் மனையை ஆளுக்கு ஐந்தாகப் பிரிக்கிறார்கள். அண்ணன் எல்லைக் கல்லை ஒட்டியே சுவர் எழுப்பி, தம்பி மனையைப் பார்த்து ஜன்னலும் வைத்துவிடுகிறார். தம்பி மனை காலியாக இருக்கிற வரைக்கும் பேச்சு இல்லை. பத்து வருஷம் கழித்துத் தம்பி வானம் தோண்டும்போது ஜன்னல் அடைபடுகிறது, ஐப்பசி மழையில் மாடித் தண்ணீர் தம்பி திண்ணையில் கொட்டுகிறது. பிறகு முன்சீப் கோர்ட்டு. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லை. வரைபட அனுமதியில் நான்கு பக்கமும் இடம் விடச் சொல்வது இதற்காகத்தான். அந்த இடம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டும் இல்லை, உறவுக்கும் சேர்த்து விடுகிற இடம்.

எவ்வளவு கட்டலாம் என்பதிலும் அரசு கஞ்சத்தனம் காட்டவில்லை. 2019 விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை 1.5லிருந்து 2 ஆக உயர்த்தினார்கள். அதாவது 2,400 சதுர அடி மனையில், எல்லா மாடிகளையும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். நம்மில் எத்தனை பேருக்கு அவ்வளவு தேவை? தேவைக்கு மேலே அனுமதி இருக்கும்போது, விட வேண்டிய மூன்றடியையும் சேர்த்துக் கட்டித்தான் ஆக வேண்டுமா?

அடுத்தது மனை. வீட்டுக்கு முன்னால் மனைக்கு அங்கீகாரம் வேண்டும். நம் பகுதியில் மானாவாரி நிலத்தை வாங்கி, கல் ஊன்றி, செம்மண் சாலை போட்டு, "பஞ்சாயத்து அப்ரூவ்டு பிளாட்" என்று நோட்டீஸ் அடித்து விற்ற காலம் ஒன்று இருந்தது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டபோதுதான் பல பேருக்கு விஷயம் புரிந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனையை விற்க முடியாமல் தவித்தவர்கள் இந்த வட்டாரத்திலும் உண்டு. பிறகு 2017ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முன்னால் பிரித்து விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. உங்கள் மனை அப்படிப்பட்டதாக இருந்தால், வரன்முறை உத்தரவு கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் வீட்டு வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தும் பயன் இல்லை.

"இப்போ கட்டிப்போடுவோம், பின்னால அபராதம் கட்டி சரிபண்ணிக்கிடலாம்" என்கிற பேச்சும் உண்டு. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் அரசுக்கும் பங்கு இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28க்கு முன்னால் கட்டிய விதிமீறல் கட்டடங்களைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு 113-சி என்று இன்னொன்று வந்தது, அதற்கு 2007 ஜூலை 1 கெடு. ஒழுங்காக இடம் விட்டுக் கட்டியவன் ஏமாளி என்று ஆகிவிட்டது. இது சரியல்ல என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17ஆம் தேதி மீரட் நகரத்து வழக்கு ஒன்றில் கொடுத்த தீர்ப்பைப் படித்தால் இனி அந்தக் கதவு எளிதில் திறக்காது என்று தெரிகிறது. எவ்வளவு காலம் ஆகிவிட்டது, எவ்வளவு பணம் போட்டாயிற்று, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதெல்லாம் அனுமதியில்லாக் கட்டடத்தைச் சட்டபூர்வமானதாக ஆக்காது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். "பாஸ் ஆயாச்சு, கவலை இல்ல."

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் தேதி பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று கட்டி முடிக்கும் முன்பே சரிந்து 61 பேர் இறந்தார்கள். பாதிப்பேருக்கு நினைவிருக்கும். அதன் பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி இருந்தது. அனுமதி என்பது எவ்வளவு இடம் விட்டாய், எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு என்று பார்க்கிற விஷயம். சின்ன வீடு என்றால் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை.

நமக்கு அந்த மண்தான் பிரச்சினையே. கரிசல் மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதையும், மழை பெய்த மறுவாரம் அந்த வெடிப்பெல்லாம் மூடிக்கொள்வதையும் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். பருத்திக்கும் கம்புக்கும் அது நல்ல மண். சுவருக்கு ஆகாது. மூன்றடி வானம் தோண்டிக் கல்லை அடுக்கி எழுப்பிய வீடு வருஷத்துக்கு ஒரு தடவை மேலே எழும்பிக் கீழே இறங்கினால் என்ன ஆகும்? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். கதவு மழைக்காலத்தில் பிடிக்கும், கோடையில் இடைவெளி விழும். பூசிப் பூசி வெள்ளையடிப்பதில் பென்ஷன் பணம் கரையும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே அண்டர் ரீம்டு பைல் என்ற அடித்தள முறையை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மண்ணில் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவார்கள். ஆழமான கரிசலில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரை கீழே போக வேண்டும். மேல் மண் உப்பினாலும் சுருங்கினாலும் அந்த ஆழத்தில் அசைவு இருக்காது. கரிசல் அடுக்கு சன்னமாக இருந்து கீழே சரளோ பாறையோ கிடைத்தால், கரிசலை முழுக்க எடுத்துவிட்டு அதன் மேலேயே அடித்தளம் போடலாம். எது உங்கள் மனைக்குப் பொருந்தும் என்பதை ஒரு பொறியாளர் குழி தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட மாதிரியே போடுங்கள் என்று கொத்தனாரிடம் சொல்வது வைத்தியம் ஆகாது. கழிவுநீரைச் சுவரை ஒட்டி விடுவது, வேப்பங்கன்றைச் சுவரோரம் நடுவது இரண்டும் வேண்டாம். ஒன்று மண்ணை நனைத்து உப்ப வைக்கும், மற்றது வளர்ந்தபின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்க வைக்கும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அது நல்லதுதான். அந்தக் குழியையும் அடித்தளத்தை விட்டுத் தள்ளியே வையுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 ஜூலை 22ஆம் தேதி முதல் சுயசான்று முறை நடப்புக்கு வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட்; 3,500 சதுர அடிக்குள் வீடு; தொடங்கியபோது தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும். இதற்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றிக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடுகிறது. கள ஆய்வு கிடையாது, பரிசீலனைக் கட்டணம் கிடையாது. ஒரு அனுமதிக்காக வயசானவர்கள் பத்து தடவை பஸ் ஏறி அலைந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் இதை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு தவறு இருந்தால் அலுவலகத்தில் யாராவது சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அது ஒரு காவல். இப்போது "நான் சொன்னதெல்லாம் உண்மை, விதிப்படிதான் கட்டுவேன்" என்று நாமே உறுதி கொடுக்கிறோம். பொய் என்று தெரிந்தால் பொறுப்பு நமக்கு. கம்ப்யூட்டர் சென்டர் பையன் எதைத் தட்டச்சு செய்தான் என்று பார்க்காமல் ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் நம்மில் அதிகம். அந்த எண் இன்றைக்குக் கையெழுத்துக்குச் சமம்.

அரசுக்கு என் வேண்டுகோள் இரண்டு. சின்ன வீடு கட்டுகிறவனுக்குத் தேவையான விதிகளை மட்டும் எடுத்து, நாலு பக்கத்தில், படத்தோடு, எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும். சுயசான்று என்றால் சான்று சொல்கிறவனுக்கு விதி புரிய வேண்டாமா? அடுத்தது, கரிசல் பகுதி ஊராட்சிகளுக்கு அடித்தளத்தின் மாதிரி வரைபடங்கள் சிலவற்றை அரசே பொறியாளர்களைக் கொண்டு தயாரித்து இலவசமாகக் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் அது பெரிய உதவி.

நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியது: பத்திரத்தில் இருக்கும் அளவும், பட்டாவில் இருக்கும் பரப்பும், புலப்படத்தில் இருக்கும் நீள அகலமும் ஒத்துப்போகிறதா என்று கொட்டேஷன் வாங்கும் முன்பே பாருங்கள். நிலம் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தால் நில உபயோக மாற்றத்தை முதலில் முடியுங்கள். அனுமதி வந்த வரைபடத்தில் ஒரு பிரதியைக் கொத்தனாரிடம் கொடுத்து, வானம் தோண்டுவதற்கு முன் கயிறு கட்டும்போது நீங்களும் டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். பக்கத்து மனைக்காரரையும் அன்றைக்குக் கூப்பிட்டு ஒரு காபி கொடுங்கள். எல்லைக் கல்லை அவர் முன்னால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு பேச்சுக்கு இடம் இருக்காது.