மணலில் எழுதிய ஜெர்மன்காரர்

'பிரதர்' என்கிற வார்த்தையை நாம் படுத்துகிற பாடு கொஞ்ச நஞ்சமல்ல. பஸ்ஸில் காலை மிதித்தவன் பிரதர். ஐநூறு ரூபாய் கைமாற்றுக் கேட்கிறவன் பிரதர். ஆபீஸில் நம் சீட்டுக்குக் குறிவைத்திருக்கிற ஆசாமிகூட 'குட்மார்னிங் பிரதர்' சொல்லிவிட்டுத்தான் அன்றைய வேலையை ஆரம்பிக்கிறார்.

இந்த வார்த்தைக்கு நிஜமாகவே உயிர் வருகிற இடம் ஒன்று உண்டு. ஆனால் அதற்கு விமானம் ஏறவேண்டும்.

காரைக்கால் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். குவைத்திலும் கத்தாரிலும் வார லீவு வெள்ளிக்கிழமை. அதனால் சர்ச்சில் கூட்டமும் வெள்ளிக்கிழமைதான். ஊரில் அம்மா துடைப்பத்தை எடுத்து விரட்டினாலும் பூசைக்குப் போகாத பிள்ளை, அங்கே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் ஆளாக நிற்பான். பாதி பக்தி, மீதி, நாலு பேர் தமிழ் பேசிக் கேட்கிற ஆசை. வெளியே வரும்போது யாரோ ஒரு பெரியவர் தோளைத் தொடுவார். "தம்பிக்கு எந்த ஊரு?" அவ்வளவுதான். மத்தியானம் அவர் ரூமில் சாம்பார். அடுத்த மாசம் காய்ச்சலில் படுத்தால் கஞ்சியோடு வருகிறவரும் அவர்தான். சிங்கப்பூரில் ஓஃபிர் ரோட்டு லூர்து அன்னை கோயில் 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே எழுந்தது. அந்த வாசலில் எத்தனை 'எந்த ஊரு?'க்கள் கேட்டிருக்கும்!

வீட்டையும் பெற்றோரையும் விட்டுவிட்டு என் பின்னால் வருகிறவனுக்கு நூறு மடங்காக வீடும் சகோதரரும் தாய்மாரும் கிடைப்பார்கள் என்று இயேசு சொன்னதாக மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் வருகிறது. காரைக்காலுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. கட்டிய புருஷனே காலில் விழுந்து கும்பிட்டு விலகிப்போன பிறகு, தனியாகக் கயிலைக்குக் கிளம்பிய நம்ம ஊர் அம்மையாரை, தாயே இல்லாத சிவபெருமான் 'அம்மையே' என்று கூப்பிட்டதாகத்தான் பெரியபுராணம் சொல்கிறது. ரேஷன் கார்டில் இல்லாத உறவும் உறவுதான்.

அப்படிப்பட்ட உறவுக்கு ஆசாமி ஒருத்தரைக் காட்டவேண்டுமானால், காரைக்காலிலிருந்து வடக்கே பஸ் ஏறவேண்டும். பூவம் தாண்டி, பொறையாறு தாண்டி, தரங்கம்பாடி. (எதிர்ப்பக்கம் வருகிற பஸ்ஸில்தான் கூட்டம் ஜாஸ்தி. அவர்கள் காரைக்காலுக்கு வருகிற காரணம் வேறு.)

1706-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி. டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக் அனுப்பிவைத்த இரண்டு ஜெர்மன் வாலிபர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் புளுட்சோ. இன்னொருவர் சீகன்பால்கு. சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். மறுநாள் அவருக்கு 24-வது பிறந்த நாள். கேக் வெட்ட ஆளில்லை. கோட்டையில் இருந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களோ, 'இதுகள் எங்கேயிருந்து வந்து சேர்ந்தன' என்கிற ரீதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வந்தவர் போதிக்க வந்தவர். போதிக்க வாய் இருந்தது. வாயில் தமிழ் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு வயசான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தார். "பள்ளிக்கூடத்தை என் வீட்டிலேயே நடத்துங்கள்" என்று கெஞ்சிக் கூட்டிவந்தார். வாண்டுப் பசங்களோடு பசங்களாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலை வைத்து ஆனா, ஆவன்னா எழுதினார். அழகப்பன் என்ற துபாஷி பக்கத்தில் இருந்து பேச்சுத் தமிழைப் பழக்கினார்.

சீடன் என்றால் நமக்குத் தாடியும் கமண்டலமும்தான் ஞாபகம் வரும். லத்தீனில் அந்த வார்த்தைக்குக் கற்றுக்கொள்கிறவன் என்று மட்டும்தான் அர்த்தம். குருவாக வந்தவர், காரைக்காலுக்குப் பக்கத்தில் முதலில் ஒரு தமிழ் வாத்தியாருக்குச் சீடன் ஆனார். உறவு அங்கே பிடித்துக்கொண்டது. 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று வந்து இறங்குகிறவனுக்கு யாரும் சாம்பார் ஊற்றுவதில்லை, சார்.

சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கவேண்டிய ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள்? 1708 கடைசியில் டேனிஷ் கமாண்டர் அவரைக் கோட்டைக்குள் நாலு மாசம் அடைத்துவைத்தார். வெளியே வந்தவர் மறுபடி தமிழில்தான் போய் உட்கார்ந்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-க்குள் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது.

1714 அக்டோபரில் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது கூடவே போனவர் மலையப்பன் என்ற தமிழர். இப்போது அந்நியன் யார் என்பது அப்படியே தலைகீழ். அங்கே இருக்கிற ஹாலே நகரத்தில், 1716-ல் லத்தீன் மொழியில் தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றை சீகன்பால்கு அச்சுப் போட்டார். தமிழ் இலக்கணம் எழுதுகிறவருக்குப் பக்கத்தில் வாய் திறந்தால் தமிழ் பேசுகிற ஆள் ஒருத்தர் இருந்தால் எவ்வளவு சௌகரியம்! அந்தக் குளிரில் மலையப்பன் மிளகு ரசத்துக்கு எத்தனை நாள் ஏங்கியிருப்பார்! ஆனால் மணலில் எழுதப் பழகியவருக்கு அந்த ஏக்கம் சொல்லாமலே புரிந்திருக்கும்.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம். போட்டால் அது சினிமா.

குடும்பம் என்றால் ஒரே பாயில் உட்காரவேண்டும். தரங்கம்பாடிச் சபையில் சாதிக்கு ஒரு இடம் என்று தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1733-ல் ஆரோன் என்ற வேளாளர் அந்தச் சபையின் முதல் தமிழ்ப் போதகர் ஆனார். ராஜநாயக்கன் என்று இன்னொருவர் இருந்தார். தஞ்சாவூர் ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்தவர், பிறகு உபதேசியார் ஆகி ஊர் ஊராக உழைத்தார். அவரைப் போதகர் ஆக்கலாமா என்று பேச்சு வந்தது. அவர் பறையர், அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று பேச்சு அதோடு நின்றுபோனது. கடைசிவரை அவர் உபதேசியார்தான். கடல் தாண்டி வந்தவரை அண்ணன் என்று ஏற்றுக்கொள்ள முடிந்தது. வாய்க்கால் தாண்டி இருந்தவரை முடியவில்லை.

குவைத்துப் பெரியவரின் 'எந்த ஊரு?' அதனால்தான் அவ்வளவு இனிக்கிறது. பெரும்பாலும் அது அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடும். ஊருக்குள் அதே கேள்விக்குப் பின்னாலேயே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இன்னொன்று வரும்: 'ஊர்ல எந்தத் தெரு?' முதல் கேள்வி ஆளைச் சேர்ப்பதற்கு, இரண்டாவது, சலிப்பதற்கு. லீவில் ஊருக்கு வருகிற பையன், அங்கே கஞ்சி கொடுத்த மனுஷரைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவானா என்பதுதான் பரீட்சை. நூறு மடங்கு உறவு கஸ்டம்ஸைத் தாண்டி உள்ளே வருகிறதா, அல்லது ஏர்போர்ட்டிலேயே நின்றுவிடுகிறதா?

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ந் தேதி போய்ச் சேர்ந்தார். வயசு 36. முந்தின வருஷம் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

காரைக்காலுக்கு இப்போது என்.ஐ.டி. இருக்கிறது, ஜிப்மர் கிளை இருக்கிறது. ஹிந்தியும் தெலுங்கும் மலையாளமும் பேசுகிற பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். டீக்கடையில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஒருத்தன் விரலைக் காட்டி முழித்துக்கொண்டிருப்பான். 'ஒரு டீ' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். எந்த ஊர் என்று தாராளமாகக் கேளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.