பெயரில்லாத நோயும் பயணச்சீட்டும்

வீட்டு நாய் இரண்டு நாட்களாக உண்ணவில்லை. மருத்துவரும் காரணம் இன்னதென்று சொல்லவில்லை. மறுநாள் அலுவலக வேலையாக வெளியூர் செல்ல வேண்டும். 'நாய்தானே' என்பவர்களுக்கு இதில் யோசிக்க ஏதுமில்லை. எனக்கு இருக்கிறது.

காரணம் தெரியாத நோயை நோயே இல்லையென்று கொள்வது ஆபத்தானது. நம் ஊர்களில் பரவலாகக் காணும் உண்ணிக் காய்ச்சல், தொடக்கத்தில் வெறும் சோர்வாகவும் பசியின்மையாகவுமே தெரியும். உள்ளே இரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டிருக்கும். முதல் இரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போவதும் உண்டு. சில வீடுகளில் நாயின் மூக்கிலிருந்து இரத்தம் கசிந்த பிறகே விழித்துக்கொள்கிறார்கள். காலத்தில் கண்டுகொண்டால், டாக்சிசைக்ளின் மாத்திரையை ஏறத்தாழ 28 நாட்கள் கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஆக, மருத்துவருக்கும் முன்பாக நோயைப் படிக்க வேண்டியவர் உடன் வாழ்பவர். நேற்று வாலாட்டியதற்கும் இன்று ஆட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கே தெரியும். பக்கத்து வீட்டாரிடம் சாவியை ஒப்படைக்கலாம். அந்தப் பார்வையை எப்படி ஒப்படைப்பது?

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வளர்ப்பவருக்கு விலங்கின் நலம் பேணும் கடமையை விதிக்கிறது. விடுப்பு விதிகளை எழுதுவோர் பெரும்பாலும் அக்கடமையைக் கண்டுகொள்வதில்லை. மனிதருக்கு 'உடல்நலமில்லை' என்ற ஒரு சொல் போதுமானதாயிருக்கிறது. வாயில்லாச் சீவனுக்காகவும் அச்சொல்லை ஏற்கலாம். இரண்டு நாட்கள் தள்ளிவைப்பதால் எந்தக் கூட்டமும் இறந்துவிடுவதில்லை.